அப்ப நாங்க வாரோம்

திண்டுக்கல் மரியநாதபுரம் ராயப்பராஜ் வாத்தியாருக்கு டெலிபோனை எடுக்கத் தெரியும், பேசத் தெரியும், வைக்கத்தான் தெரியாது. மற்றவர்கள் எல்லாம் "வச்சிரட்டுமா" என்று முடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது மரியாதைக் குறைச்சலாகப் பட்டது. ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்புகிறவர்போல எழுந்து நின்று, "அப்ப வாரேன்" என்று சொல்லித்தான் ரிசீவரைக் கீழே வைப்பார். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திய மனுஷன், இந்த ஒரு வார்த்தையில் கணக்கைக் கோட்டைவிட்டார்.

அது 2001 ஜூன் மாதம். அவர் ரிட்டையர் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. டொராண்டோவில் இருக்கிற ஒரே மகன் கிளெமென்ட் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினான். "இனிமே அங்க என்னப்பா இருக்கு? நீங்களும் அம்மாவும் இங்கயே வந்திருங்க" என்றான்.

ராயப்பராஜுக்குத் திண்டுக்கல்லை விட்டு நகரும் எண்ணம் எள்ளளவும் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் ஆத்தூர் தண்ணீர் வரும் என்பதுகூட அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. தண்ணீர் வருகிற அன்றைக்குக் குழாயடியில் குடங்களை வரிசை போட்டுச் சண்டை இல்லாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அந்த மரியாதையைக் கனடாவில் யார் கொடுப்பார்கள்? ஆனாலும் பெற்ற பிள்ளை ஆசையாகக் கூப்பிடும்போது முகத்தில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாப்போம்ப்பா" என்று இழுத்தார். பிறகு மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து நின்றார். பக்கத்தில் மனைவி சகாயராணியும் நின்றுகொண்டிருந்ததால், அவளையும் சேர்த்துக்கொண்டு, "சரிப்பு, அப்ப நாங்க வாரோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எப்போதும்போல ஒருமையில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அப்பாவின் "வாரேன்" மகனுக்குப் பழக்கம்தான். இந்த "நாங்க வாரோம்" அவன் அதுவரை கேட்காதது.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மாள் ஜோஸ்பின், நாகல்நகரிலிருந்து ஆட்டோ பிடித்து அரைக்கிலோ ஜாங்கிரியோடு வந்து இறங்கினாள். மருமகள் ரூபியின் அம்மா.

"ரூபி ராத்திரியே போன் போட்டுட்டா சம்பந்தி. நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டே போயி இருக்கப் போறீகளாம்ல. சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைச்சிருச்சு" என்றாள்.

யார் சொன்னது என்று ராயப்பராஜ் கேட்கவில்லை. வாயில் ஜாங்கிரி இருந்தது. சகாயராணி அவரைப் பார்த்தாள், அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளெமென்ட், "ஃபாரம் எல்லாம் வாங்கிட்டேன்ப்பா" என்றான். இவ்வளவு பாடுபடுகிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதற்கடுத்த வாரம் ஃபாரமே தபாலில் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சிக்கு அலைந்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் காபி கொடுத்தார்கள். சாமியார் பூசை முடிவில், "நமது பங்கைச் சேர்ந்த ராயப்பராஜ் ஆசிரியர் தம்பதியர் விரைவில் கனடா செல்லவிருப்பதால் அவர்களுக்காகச் செபிப்போம்" என்று அறிவித்தார். தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்துக்காரர்கள் ஜெபக் கூட்டத்திலேயே பிரிவு உபசாரம் வைத்து, கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த கம்பளிச் சால்வையை ஆளுக்கு ஒன்று போர்த்தினார்கள். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் அந்தச் சால்வையோடு ராயப்பராஜ் அரைமணி நேரம் ஏற்புரை வேறு நிகழ்த்தினார். தெருவில் அவருக்குக் கனடா வாத்தியார் என்றே பேராகிவிட்டது. குழாயடியில் வரிசை போடும் உத்தியோகத்தையும் வேறொருவர் எடுத்துக்கொண்டார். கிளம்பப் போகிற ஆளுக்கு எதற்குச் சிரமம் என்றார்கள்.

வேறு வழி தெரியாமல் ராயப்பராஜ், ஒன்பது செவ்வாய் வேண்டினால் கேட்டதைக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில், செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போனார். எப்படியாவது விசா கிடைக்காமல் போக வேண்டும் என்பது கோரிக்கை. மனைவியிடம் முழங்கால் வலிக்காக என்று சொல்லியிருந்தார்.

அக்டோபரில் தலைக்குமேல் வெள்ளம் வந்தது. "இந்த வீட்டுல உங்களுக்கு ரூம் பத்தாதுப்பா. பெரிய வீடாப் பாத்திருக்கேன். அடுத்த வாரம் திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்" என்றான் கிளெமென்ட்.

சகாயராணி அன்றைக்குத்தான் கண்டிப்பாகச் சொன்னாள். "நம்மள நம்பி வீட்டையே மாத்தப் போறான். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பூத்துக்குப் போயிச் சொல்லிருங்க. நான் பக்கத்துல நின்னா அழுதுருவேன். பக்குவமாச் சொல்லுங்க, புள்ள தாங்க மாட்டான்."

தாங்க மாட்டான் என்பதுதான் ராயப்பராஜின் பயமும். பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மூன்று காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்று, குளிர். இரண்டு, முழங்கால். மூன்று, செத்தால் அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். மூன்றாவதைச் சொன்னால் மகன் உடைந்துவிடுவான், அதனால் அதை அவசியப்பட்டால் மட்டும் சொல்வது என்று தீர்மானித்தார்.

வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லாததால், எட்டு மணிக்கு சௌகத் அலியின் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தார். சௌகத் அலி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்னா சார், மகன் வீட்டுக்கா?" என்று கேட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்.

"தம்பி, மனசைத் திடப்படுத்திக்க. அம்மாவும் நானும் ரொம்ப யோசிச்சோம். நாங்க வரலைப்பா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிள்ளை இடிந்துபோய்விட்டான் என்று ராயப்பராஜ் முடிவுகட்டினார். முதல் காரணத்தை எடுக்க வாயைத் திறந்தார்.

"சரிப்பா" என்றான் கிளெமென்ட்.

குளிரையும் கேட்கவில்லை, முழங்காலையும் கேட்கவில்லை. ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. சரியாகப் பொத்தவில்லை. "வரலையாம்" என்று மகன் சொல்வதும், "அந்தோணியாரே" என்று ரூபி பெருமூச்சு விடுவதும் தெளிவாக விழுந்தன. "ஒம்போது செவ்வா முடியிறதுக்குள்ளயே கேட்டுட்டாரு பாத்தீங்களா" என்று அவள் சேர்த்துக்கொண்டாள். ஒரே விண்ணப்பம் இரண்டு கண்டத்திலிருந்தும் போனால் அந்தோணியாரால்தான் எப்படித் தட்ட முடியும்?

கிளெமென்ட் திரும்ப வந்தான். "அது ஒண்ணுமில்லப்பா. நீங்க ரிட்டையர் ஆன நேரம், கூப்பிடலைன்னா நல்லா இருக்காதுன்னு கூப்பிட்டேன். நம்ம ஊர்ல சாப்பிடுங்கன்னா மூணு தடவ வேணாம்பாகள்ல? நீங்க ஒரே தடவையில வாரோம்னுட்டீங்க. எனக்கு அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல."

"நான் போனை வைக்கிறதுக்குத்தாம்ப்பா அப்படிச் சொன்னேன்."

மகனுக்கு அப்போதுதான் அது புரிந்தது. பிறகு சிரித்தான். அஞ்சு மாதமாக ஃபாரம், கையெழுத்து, ரூம் என்று இறுகிப்போய் வந்த குரல், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி சிரித்தது. ராயப்பராஜும் சிரித்தார். "எப்பனாச்சும் ஒரு மாசம் வந்துட்டுப் போங்கப்பா" என்றான் மகன். பார்ப்போம் என்றார் இவர். முதல் தடவையாக, "வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஊர் மிஞ்சியது, வீடு மிஞ்சியது, கடைசியில் படுக்கக் கல்லறையும் மிஞ்சியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லப் போனவர் வேண்டாதவராகி வெளியே வந்தார்.  அந்தச் சிரிப்புக்குப் பதில் அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீட்டில் சகாயராணி ஞாயிற்றுக்கிழமைக் கறியை வதக்கிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தாள். "என்ன சொன்னான்?"

"அழுதுட்டான்" என்றார் ராயப்பராஜ். ஒன்றைச் சொன்ன பிறகு மற்றது தானாக வந்தது. "சின்னப் புள்ள கணக்கா விம்முறான். நீங்க வராட்டி எனக்கு யார் இருக்கான்னான். நான்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு முடியாதுன்னுட்டேன்."

சகாயராணி கரண்டியை வைத்துவிட்டாள். "அம்புட்டு ஆசையாவா இருக்கான்?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்ப போவோங்க."

"நீதான வேணாம்னே?"

"அது வேற. புள்ள அழுதுக்கிட்டு இருக்கும்போது நான் இங்க குடத்தோட நிப்பேனா? குளிரோ கிளிரோ, போயிக் கெடப்போம். வாங்க பூத்துக்கு. வாரோம்னு நானே அவன்கிட்ட சொல்றேன்." அடுப்பை அணைத்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டியும்விட்டாள்.

ராயப்பராஜ் வாசலை மறித்து நின்றார். "இப்ப வேணாம். அங்க ராத்திரி பதினொரு மணி ஆகப் போகுது. தூங்கியிருப்பான்."

அடுத்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அவள் கால் நின்றது.

"கால் மணி நேரத்துக்கு முந்தி விம்மிக்கிட்டு இருந்த புள்ள, அதுக்குள்ள தூங்கிட்டானா?"

கணக்கு வாத்தியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ரூபி என்ன சொன்னாள் என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி பற்றவில்லை, இரண்டாவதும் பற்றவில்லை.

ராயப்பராஜ் சமையலறை வாசல்வரை போய் நின்றார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஏங்க, நாளைக்கு ஜோஸ்பின் வந்து கேப்பாக. தெருவுல கேப்பாக. அழுதான்னு சொல்லாதீங்க, யாரும் நம்ப மாட்டாக. கெஞ்சுனான்னு மட்டும் சொல்லுங்க."

சரி என்று தலையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை, அதனால் அவர் அதை வாய்விட்டும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.