தடை நீக்கு

முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசுதான். அண்ணனின் ஹோஸ்டிங் நிறுவனத்தில் சர்வர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. நூற்றுப்பத்துப் பேருடைய வலைத்தளங்களை அந்த மாடி அறையில் உட்கார்ந்து மேய்க்கிறவள் அவள். அண்ணன் அவளை அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களே சில சமயம் போனில் "பொடிசு மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

பழைய கண்ட்ரோல் பேனலைத் தயாரித்தவர்கள் அதைக் கைகழுவிவிட்டதால் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தது. பேனல் என்றால் பெரிய வித்தை எதுவுமில்லை. ஒரு தளத்தைத் திறப்பது, நிறுத்துவது, மின்னஞ்சல் கொடுப்பது எல்லாவற்றுக்குமான பொத்தான்களை ஒரே திரையில் அடுக்கிவைத்திருப்பது. மூன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். ஊரே பயன்படுத்தும் ஒன்றின் மேல் அண்ணனுக்குக் கண். இரண்டாவதில் பாதி வேலைக்குப் பொத்தானே கிடையாது, கட்டளைகளைத் தட்டித்தான் ஆகவேண்டும். மூன்றாவது அதிகம் பேர் கேள்விப்படாதது. ஆனால் அதன் சொற்களை எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம். யாரோ ஒரு புண்ணியவான் பாதியைத் தமிழாக்கி, அலுத்துப்போய் விட்டிருந்தார்.

பொடிசு அந்த மூன்றாவதுக்காக ஒற்றைக்காலில் நின்றாள். எல்லாம் அண்ணிக்காகத்தான். அண்ணி பத்து வருடம் தையல் தொழிற்சாலையில் நாற்பது பேரை வேலை வாங்கியவள். தொழிற்சாலை மூடியபிறகு இங்கே போன் எடுக்க வந்தாள். ஆங்கிலத் திரையைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். வாடிக்கையாளர் கேட்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, பொடிசு நிமிர்ந்து பார்க்கும்வரை மேசையோரம் நிற்பாள். அப்படி அவள் நிற்பதைப் பார்க்கப் பொடிசுக்கு மனசு கேட்கவில்லை.

"தமிழ்ல இருந்தா அண்ணி உன்னைவிட வேகமா செய்வாங்க" என்று அண்ணனை மடக்கினாள். மிச்சமிருந்த நானூறு சொற்களையும் இரண்டே வாரத்தில் அவளே மாற்றினாள். கடைசி நூறு சொற்கள் வரும்போது கை ஓடியதே தவிர மனம் அதில் நிற்கவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

சோதித்துப் பார்த்த நாளில் அண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஓரிடத்தில் பேனா நின்றது. வெறுமனே நீக்கு என்று போட்டிருக்கிறதே, எதை நீக்கும் என்று கேட்டாள். வேறு வேலையில் மூழ்கியிருந்த பொடிசு திரும்பாமலே, "இடத்தப் பாத்தாலே புரியும் அண்ணி" என்றாள். அண்ணி அதையும் எழுதிக்கொண்டாள்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்ணிக்குத் தனி லாகின் வந்தது. போனில் பேசிக்கொண்டே மறு கையால் வேலையை முடித்துவிடுவாள். "ஆச்சு, இப்ப பாருங்க" என்று அவள் சொல்லும்போது பழைய மேற்பார்வையாளரின் குரல் திரும்பியிருந்தது. பொடிசு உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பழைய வாடிக்கையாளரான ஒரு கால்நடை மருத்துவரின் தளத்தில் சிக்கல் வந்தது. அதற்குள் எவனோ புகுந்து குப்பை அஞ்சல்களாக அனுப்பித் தள்ளியதால் பொடிசுதான் அதைத் தடை செய்தாள். மருத்துவர் ஆள்வைத்துச் சுத்தம் செய்துவிட்டு, மறுநாள் காலை தடையை எடுக்கச் சொல்லிப் போன் செய்தார். பொடிசு அப்போது சர்வர் இருக்கும் கட்டடத்தில் பழுதான டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி பட்டியலைத் திறந்தாள். மருத்துவரின் பெயர். அடுத்த கட்டத்தில் சிவப்பாகத் தடை. அதற்கு அடுத்த கட்டத்தில் நீக்கு. அண்ணி அழுத்தினாள். நிச்சயமாக நீக்கலாமா என்று திரை மரியாதையாகவே கேட்டது. அதற்குத்தானே போன் வந்தது? ஆம் என்று அழுத்தினாள்.

தளம் மொத்தமாக அழிந்தது. அந்தப் பேனல் கணக்கை அழிக்கும்போது தினசரி பேக்கப்பையும் சேர்த்தே துடைத்துவிடும். மிஞ்சியது, பேனல் மாற்றிய அன்று பொடிசு தனியாக எடுத்துவைத்த பிரதி மட்டும். நான்கு மாதக் குறிப்புகள் போனது போனதுதான். எந்த நாய்க்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதில்தான் எழுதிவைத்திருந்ததாக மருத்துவர் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பொடிசு அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். படித்துப் பார்த்து அழுத்தத் தெரியாதா, கண் எங்கே இருந்தது என்றெல்லாம். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பொடிசு திரையைப் பார்த்தாள். பட்டியலில் வேறொரு தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதே இரண்டு சொற்கள். தடை நீக்கு. அண்ணி வாசித்த மாதிரியே அவளும் சேர்த்து வாசித்தாள்.

அண்ணி நோட்டைப் பிரித்தாள். ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பொடிசை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறக்கவேண்டிய நேரம் அதுதான், பொடிசுக்கும் அது தெரிந்தது. "ஏதாவது மீட்க முடியுதான்னு பாக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டுக் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அண்ணி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். இனிமேல் போன் மட்டும் எடுத்தால் போதும் என்று அண்ணன் லாகினைப் பிடுங்கினான். அதற்கும் அண்ணி சரி என்றாள்.

மறுநாள் காலை பொடிசின் மேசையோரம் நிழல் விழுந்தது. அண்ணி துண்டுச்சீட்டோடு நின்றிருந்தாள், மறு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பொடிசால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நோட்டைக் கேட்டாள். எதற்கு இப்போது என்றாள் அண்ணி. விடாமல் வாங்கிக்கொண்டு போய், அண்ணன் மேசையில் அந்தப் பக்கத்தைப் பிரித்துவைத்தாள். தையல்காரியின் ஒழுங்கான கையெழுத்தில் இருந்தது: நீக்கு – இடத்தைப் பார்த்தாலே புரியும் (பொடிசு சொன்னது).

"அது நான் வச்ச வார்த்தைண்ணா. அண்ணி அன்னிக்கே கேட்டாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அண்ணன் இரண்டு முறை வாசித்தான். முகத்தைத் தடவிக்கொண்டான். மனைவியைப் பார்க்க அவனுக்கும் முகமில்லை. டாக்டரிடம் நீயே சொல் என்று மட்டும் சொன்னான். பொடிசு போன் செய்து சொன்னாள். யார் தப்பு என்று தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார் மருத்துவர். நாய் வளர்ப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் பொடிசு பொத்தான்களை மாற்றினாள். ஒன்று, கணக்கை அழி. இன்னொன்று, தடையை எடு. அண்ணியின் லாகின் திரும்பி வந்தது. தடையிலிருந்த இன்னொரு தளத்தைத் திறக்கச் சொல்லிப் போன் வந்தபோது, பொடிசு ஆசையாக அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

அண்ணி திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி வாசித்தாள். தடையை எடு. மறுபடியும் வாசித்தாள். மவுஸ் பக்கத்திலேயே இருந்தது. கை மடியை விட்டு வரவில்லை.

"வார்த்தை இப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள். "நேத்து அவர் கத்தினப்ப நான் உன்னைப் பாத்தேன். நீ அப்பவே சொல்லுவேன்னு நெனச்சேன்."

எழுந்தாள். தளத்தின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசைமேல் வைத்தாள். இந்தமுறை பக்கத்தில் நிற்காமல் போய்விட்டாள்.