வெளியே வைத்த பை

தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். சொன்னது என் வீட்டுக்காரர். கேட்டவர்கள் எல்லாம் "கொடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தக் கொடுப்பினையை யாராவது வாங்கிக்கொள்வதாக இருந்தால் அன்றைக்கே வாசலில் வைத்துக் கொடுத்திருப்பேன்.

உண்மை என்னவென்றால், கடைசித் தீவில் எங்கள் மகள் இருக்கிறாள். இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பாப்பாவுக்கு இப்போது நிறைமாதம். "எனக்கு பயமா இருக்கும்மா. நீ வந்து கூட இரு" என்று போனில் அழுதாள். நீ வா என்றாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முகம் கழுவிவிட்டு வந்து, "நானும் வரேன். தீவெல்லாம் நான் பார்த்ததே இல்ல" என்றார்.  வருகிறாரே, அதுவே பெரிசு என்று இருந்துவிட்டேன்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். அவள் இருக்கும் தீவுக்கு நேர்ப் படகு கிடையாது. ஒரு தீவில் இறங்கி, தங்கி, அடுத்த படகு பிடிக்க வேண்டும். இவரோ இறங்கிய இடத்தில் எல்லாம் "வந்தது வந்துட்டோம், இதையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். என்ன பெரிய பார்க்கிறது! எல்லாத் தீவிலும் ஒரு கலங்கரை விளக்கம், ஒரு சங்குக் கடை, முகத்தில் அறையும் உப்புக் காற்று. எல்லா இடத்திலும் துறைமுகத்தை ஒட்டி மலிவாக ஒரு ஓட்டல். கால் வீங்கிப்போய், இடுப்பு விட்டுப்போய், எந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் தலை வைத்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வழி பார்த்துக் கிடக்க, நான் இங்கே இவரோடு சங்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்து சேர்ந்த ஓட்டல், படகுத் துறைக்கு எதிரிலேயே இருந்தது. இங்கிருந்து ஒரே ஒரு படகு, ஏறினால் பாப்பாவின் வீடு. மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் மீனுக்கு ஐஸ் உடைக்கும் சத்தம், மூடினால் டீசல் நாற்றம். குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு போட்டால் நுரைக்கவே நுரைக்காது. தலையணையைத் தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. பிளக் போர்டு கருகிப் போயிருந்ததால், எங்கள் போன் ரெண்டையும் கீழே கவுண்டரில்தான் சார்ஜில் போட வேண்டும்.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகத்தான் எல்லாம் விளக்கினாள்.

"தினம் ஒரே படகுதான், விடியும்போதே போயிடும்மா. நீங்க கவலையே படாதீங்க. காலைல போறவங்க படுக்கப் போகும்போது பையை ரூம் வாசல்ல வச்சிடுங்க. எங்க வண்டிக்காரர் பை இருக்கிற கதவை மட்டும் தட்டுவாரு. பையையும் அவரே துறைக்குக் கொண்டுபோயிடுவாரு. பை வெளியே இல்லன்னா தட்ட மாட்டோம். சும்மா தங்க வந்தவங்க தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, பாருங்க."

நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தேன். அன்று சாப்பிட்டுவிட்டு வந்ததும் என் பெரிய பையையும் அவருடைய பழுப்பு ரெக்ஸின் பையையும் வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில்.

கதவைத் திறந்தால் வைத்த பை வைத்த இடத்தில் இருந்தது. யாரும் தட்டவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்ன ஓட்டல் நடத்துறானுங்க, பொறுப்பே இல்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அந்தக் கவுண்டர் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். வெற்றிலைக் கறை பல்லோடு வந்து நின்ற அந்த மனிதர், "சத்தியமா உங்க வாசல்ல பை இல்லீங்கம்மா. இருந்தா நான் ஏன் தட்டாம போறேன்?" என்றார்.

"அப்போ பைக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "விடும்மா, பாவம், மறந்திருப்பாரு. நாளைக்குப் போய்க்கலாம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காரணம், இந்த மனுஷன் பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டி அனுப்பும் வேலையில் இருந்தவர். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படிப்பட்டவர், படகு போய்விட்டது என்று தெரிந்தும் இவ்வளவு சாந்தமாக ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகிறார். களைப்பில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்க அறையிலேயே கிடந்தேன். பாப்பா போன் செய்தாள். "கிளம்பிட்டியாம்மா?" என்றாள். படகை விட்டுவிட்டேன் என்று சொல்லவே நாக்கு எழவில்லை. "இடுப்பு வலி விட்டு விட்டு வருதும்மா. டாக்டர் இன்னும் நாள் இருக்குங்கிறாங்க. ஆனா எனக்கு என்னமோ..." என்று நிறுத்தினாள். நாளைக்கு நிச்சயம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 

இரண்டாம் முறையும் பைகளை வாசலில் வைத்தேன். வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டவும் காட்டினேன். மனம் நிலைகொள்ளாமல் இருந்ததாலோ என்னவோ, விடிந்தும் விடியாமலும் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. துறையிலிருந்து படகின் ஊதல் கேட்டது. அது கிளம்பும்போது ஊதுகிற ஊதல். பதறிப்போய்த் தலையைத் திருப்பினால், பனியனும் கைலியுமாக என் வீட்டுக்காரர், ரெண்டு பையையும் ரெண்டு கையில் தூக்கிக்கொண்டு, பூனை மாதிரி அடி வைத்துக் கதவைத் திறந்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் தூங்கியதும் பைகளை உள்ளே எடுத்துக்கொள்வார். படகு போனதும் வெளியே வைத்துவிடுவார். வாசலில் பையைக் காணோம் என்றதும், நாங்கள் பயணத்தை மாற்றிக்கொண்டோம் என்று வண்டிக்காரரும் தட்டாமல் போயிருப்பார். பாவம், அந்த வண்டிக்காரரையும் அந்தப் பெண்ணையும் போட்டு என்ன பேச்சுப் பேசினேன்!

"என்னங்க," என்றேன்.

மனுஷன் அப்படியே நின்றார். பையைக் கீழே வைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"என் காதுல பூ சுத்துறீங்களா?"

"இல்லம்மா... வெளியே திருட்டு பயம்..."

"திருட்டு பயமா? பெத்த பொண்ணு பிரசவத்துக்குத் தவிச்சுக்கிட்டிருக்கா. இங்க உங்களுக்குப் பழைய சட்டைய எவன் தூக்கிட்டுப் போவான்னு கவலையா?"

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.  கல்லுளிமங்கன் என்றால் அப்படி ஒரு கல்லுளிமங்கன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ என்னை வரச் சொல்லலையே. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ வாசல்ல போய் நிக்கிறது?"

அந்தக் கதையைச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. பாப்பாவுக்கு முதலில் நாங்கள் பார்த்துக் கட்டி வைத்தவன் கை நீட்டுகிறவன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். இவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. "வாழப் போன பொண்ணு பையத் தூக்கிட்டு வந்து நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க" என்று சொல்லி, அவள் உள்ளே வைத்த பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். அவள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அவனிடமும் போகவில்லை, எங்களிடமும் வரவில்லை. யாரோ தோழியின் தயவில் அந்தத் தீவுக்குப் போய், ஒரு வேலை தேடிக்கொண்டு, வழக்கு நடத்தி விடுதலை வாங்கி, பிறகு அங்கேயே ஒரு நல்ல பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். என்னோடு மட்டும் பேசுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று இதுவரை ஒரு நாள் கேட்டதில்லை.

இவரும் அன்றைக்குச் செய்தது தப்பு என்று ஒரு நாள் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த ஓட்டல் அறையில்தான் முதல் தடவை, அதுவும் இப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. வருஷக்கணக்காக ரெண்டு பேருக்கும் நடுவில் இடிபட்டு வந்த அலுப்பு.

"இதோ பாருங்க. நாளைக்கு நான் போறேன். என் பை மட்டும்தான் வெளியே இருக்கும். அது மேல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற. நீங்க வந்தா வாங்க. வராட்டி இங்கேயே உட்கார்ந்து சங்கு விலை கேளுங்க."

அவர் அன்று முழுக்க ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு, படகு போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே போய்க் கவுண்டர் பெண்ணிடமும் வண்டிக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். "அட விடுங்கம்மா, அலைச்சல்ல எல்லாருக்கும் கோவம் வர்றதுதான்" என்றார் வண்டிக்காரர். யார் பையை எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும். தூங்கினால் குறட்டை விடுவார்.

"போயிட்டு வரேங்க," என்றேன். போர்வை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

கீழே கவுண்டரில் என் போனை வாங்கிக்கொண்டேன். அவருடைய போன் பக்கத்திலேயே சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது. துறைக்குப் போனபோது வண்டிக்காரர் பைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் பெரிய பைக்கு மேலே அந்தப் பழுப்பு ரெக்ஸின் பை இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க வாசல்ல ரெண்டு பை இருந்துச்சுங்கம்மா. ரெண்டையும் எடுத்துட்டேன். ஏன், ஐயா வரலியா?"

நான் ஓட்டலைத் திரும்பிப் பார்த்தேன். எப்போது எழுந்து வைத்தாரோ! இதோ சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வருவார் என்று பார்த்தேன். ஊதல் கேட்டது. பலகையை இழுத்துவிட்டார்கள். ஓட்டல் படியில் ஒருவரும் இறங்கி வரவில்லை. பையை வெளியே வைக்கிற வரைக்கும்தான் அவருக்குத் தைரியம் இருந்திருக்கிறது. ஆள் எழுந்து வரத் தைரியம் இல்லை. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டத் திட்ட அழுகை வந்தது.

பாப்பாவின் தீவுத் துறையில் மாப்பிள்ளை வந்து நின்றார். "வாங்க அத்தை" என்று ரெண்டு பையையும் வாங்கிக்கொண்டார். பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நடந்தார்.

பாப்பா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, என் பிள்ளை என்னைவிடக் களைத்துப்போயிருந்தாள். கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் வயிறு நடுவில் இடித்தது. சிரித்தோம். அப்போதுதான் மாப்பிள்ளை கையில் இருந்த பையை அவள் பார்த்தாள். டிப்போவுக்கு அவர் தினம் தூக்கிக்கொண்டு போன பை. அது அவளுக்குத் தெரியாதா?

"இது எதுக்கு இங்க?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். ஓட்டல் வழக்கம், பையை உள்ளே இழுத்தது, வெளியே வைத்தது, கடைசியில் பையை மட்டும் அனுப்பியது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கீழே உட்கார முடியாமல் பையைக் கட்டில்மேல் வைக்கச் சொல்லி, ஜிப்பைத் திறந்தாள். நாலு சட்டை, சவர செட்டு, ரத்த அழுத்த மாத்திரை, மூக்குக் கண்ணாடி. அடியில் ஒரு சின்ன டப்பா. அதைத் திறந்தவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"அம்மா! பல் செட்டைக் கூடவா அனுப்பிட்டாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அந்த டப்பாவை மூடிக் கையில் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை மெதுவாக வெளியே போய்விட்டார்.

"மாத்திரை இல்லாம, கண்ணாடி இல்லாம, பல்லும் இல்லாம அங்க உட்கார்ந்து என்னம்மா பண்ணுவாரு?"

"வரணும்னுதான் எல்லாத்தையும் முன்னாடி அனுப்பியிருக்காரு. திரும்ப இழுத்து உள்ளே வச்சிக்க முடியாதுல்ல."

"நாளைக்கும் அவரை யாரும் எழுப்ப மாட்டாங்களே. வாசல்ல பை இருக்காதே."

நான் யோசிக்காதது அது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் போனை வாங்கி ஓட்டலைக் கூப்பிட்டாள். கவுண்டர் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"மூணாவது மாடில வயசானவர் ஒருத்தர் தனியா இருக்காருங்க. நாளைக்குக் காலைல படகுக்கு அவரை எழுப்பி விடணும். வாசல்ல பை இருக்காது. பை இங்க என் வீட்டுக்குள்ள இருக்கு. நீங்க கதவை மட்டும் தட்டுங்க."

"சரிங்க. யாரு எழுப்பச் சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்த சட்டைகளைப் பார்த்தாள்.

"அவரு பொண்ணு சொன்னான்னு சொல்லுங்க," என்றாள்.