தமிழ்வாணிக்குப் போன சீர்

கோச்சடை சுபலட்சுமிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. குடும்ப நாவல்களைப் பெண்ணிய நோக்கில் பார்க்கிறேன் என்று முனைவர் பட்டத்துக்காக நாலு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் முடிந்து, எழுத்தாளர் தங்கப்பாண்டியின் நேர்காணல் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் கடைசி இயலை என் மேசையில் வைக்காதே என்று நெறியாளர் பாண்டிமீனா கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் இன்னும் ஆறு மாதம் இழுக்கும்.

தங்கப்பாண்டியோ திருப்பரங்குன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத நாவல்களாக அறுபது எழுதித் தள்ளியவர். சுபலட்சுமி இரண்டு தடவை போனில் கேட்டாள். மூன்றாவது தடவை நேரிலேயே போய் கேட்டைத் தட்டினாள். பெண்ணியம் என்று வருகிறவர்கள் எல்லோரும் என்னை வையத்தான் வருகிறார்கள், எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, இந்த உடம்புக்கு வசவு ஆகாது என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் என்னதான் செய்வாள், நீங்களே சொல்லுங்கள். அவருடைய ‘கண்ணீர்க் கரையில் தமிழ்வாணி’யை ஏழாவது தடவையாக மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்நேரம் பார்த்து எழுமலையிலிருந்து அவள் தாய்மாமன் காசிமாயன் ஒரு பை தக்காளியோடு வந்து இறங்கினார். அவருடைய அக்கா, சுபலட்சுமியின் அம்மா அழகம்மாள் சோறு போட, மருமகள் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று விசாரித்தார். சுபலட்சுமி கதையைச் சொன்னாள். தமிழ்வாணியைக் கட்டிக் கொடுத்தது, மாமியார் நகையைப் பிடுங்கியது, புருஷன் சந்தேகப்பட்டது, முப்பத்தோரு இடத்தில் அவள் அழுதது, கடைசியில் கிணற்றில் விழுந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

காசிமாயன் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றுவிட்டது.

“அது சரி மருமகளே, அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் யாரு?”

சுபலட்சுமி புத்தகத்தைப் புரட்டினாள். மாமன் இல்லை. அண்ணன் தம்பியும் இல்லை. ஆத்தாவும் அப்பனும் இரண்டாம் பக்கத்திலேயே பஸ் கவிழ்ந்து செத்துவிட்டார்கள். சந்தேகம் வந்து அடுத்த நாவலை எடுத்தாள். அதில் பிறந்த வீடு வெள்ளத்தில் போயிருந்தது. அதற்கடுத்ததில் காலரா. கையிலிருந்த பதினொரு நாவலிலும் ஒரு கதாநாயகிக்குக்கூட மாமன் என்று ஒரு ஆள் கிடையாது.

“பொண்ண அழ வைக்கணும்னா மொதல்ல பொறந்த வீட்டப் பூட்டணும்ல,” என்றாள் அழகம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு வருடமாகத் தடித்தடியான கோட்பாட்டுப் புத்தகங்களில் தேடியது ரசத்தோடு வந்து விழுந்ததில் சுபலட்சுமிக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கோபம். எழுதி வைத்துக்கொண்டாள்.

காசிமாயன் எழுதி வைக்கிற ஆள் இல்லை. கையைக் கழுவிவிட்டு, உனக்கு மாமன் என்றால் நீ படிக்கிற பிள்ளைக்கும் நான்தான் மாமன், நாளைக்கு அந்த எழுத்தாளரைப் பார்ப்போம் என்றார். சும்மா சொல்கிறார் என்று இவள் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் காலை வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. உள்ளே ஏழு தாம்பாளம். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு, மல்லிகை, வளையல், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. வண்டியின் முன்னால் ஒரு பிளெக்ஸ். ‘செல்வி’ என்று போடுவதா ‘திருமதி’ என்று போடுவதா என்று குழம்பி, ‘எங்கள் குலவிளக்கு தமிழ்வாணிக்குத் தாய்மாமன் சீர்’ என்று மட்டும் அடித்திருந்தார்கள். ஒரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட காசிமாயன். மறு பக்கம், பெண்ணின் போட்டோ கிடைக்காததால், நாவலின் அட்டைப்படம். வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு சுபலட்சுமி வண்டியில் ஏறினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் ஏறினாள்.

திருப்பரங்குன்றத்தில் அந்தத் தெருவே வெளியே வந்துவிட்டது. யார் வீட்டு விசேஷம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நம்ம பக்கத்தில் சீர்த்தட்டோடு வருகிறவனுக்கு முன்னால் கதவைச் சாத்துகிற வழக்கம் உண்டா? தங்கப்பாண்டியின் மனைவி கனகலட்சுமி தட்டுகளைப் பார்த்ததுமே கேட்டை விரியத் திறந்து, வாங்க வாங்க என்று ஆலம் கரைக்க உள்ளே ஓடினார். ஏழு தட்டும் கூடத்தில் இறங்கிய பிறகுதான் சீர் யாருக்கு என்று கேட்டார்.

துண்டோடு வந்த தங்கப்பாண்டி ஜன்னல் வழியே பிளெக்ஸைப் பார்த்தார். தன் அட்டைப்படத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காசிமாயன் எதிரே சம்மணம் போட்டார். “எங்க புள்ளையக் கெணத்துல தள்ளிவிட்டுட்டு ஒங்களால எப்புடி சார் இட்லி திங்க முடியுது?”

அது கதை, நான் தள்ளவில்லை, அவளாக விழுந்தாள் என்றார் எழுத்தாளர். விழுகிற வரைக்கும் நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்றார் காசிமாயன். வாக்குவாதம் ஏறியது. மாமன் ஒருத்தனை வைத்தால் உங்கள் பேனா தேய்ந்தா போகும் என்று இவர் மடக்க, தங்கப்பாண்டி உண்மையைக் கக்கிவிட்டார்.

“மாமன்னு ஒருத்தன் இருந்தா நாப்பதாம் பக்கத்துல வண்டியக் கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவான்யா, இப்ப நீ வந்து நிக்கிற மாதிரி. எனக்கு நூத்தி இருபது பக்கம் வேணும்.”

காசிமாயன் ஜெயித்துவிட்ட தோரணையில் மீசையைத் தடவினார். அதுவரை சுவரோரம் நின்ற சுபலட்சுமிக்குத்தான் மனசு ஆறவில்லை. யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டா?

“மாமா எதுக்கு சார் வரணும்? அவளாக் கெளம்பிப் போகக்கூடாதா? தெருமுனையிலதான பஸ் ஸ்டாப்பு, நீங்களே எழுதியிருக்கீங்க.”

தங்கப்பாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“அவளாப் போனா பத்தாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிரும்மா.”

“முடியட்டுமே,” என்றார் கனகலட்சுமி ஆலத் தட்டோடு. “அறுபது கதையையும் அடிச்சுத் திருத்திக் குடுத்தவ நான். ஒருத்தியாச்சும் பஸ் ஏறுவாளான்னு பாத்துப் பாத்து எனக்குக் கண்ணாடியே ரெண்டு மாத்தியாச்சு.”

காசிமாயனின் மீசையிலிருந்து கை மெல்ல இறங்கியது. அப்படியானால் மாமனுக்கு என்னதான் வேலை என்று மருமகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் வந்து இறங்கும்போது பையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் சுபலட்சுமி. அது அவருக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

தங்கப்பாண்டி மனைவியைப் பார்த்தார், ஏழு தாம்பாளத்தைப் பார்த்தார். வாங்கிய சீருக்கு மரியாதை செய்யாமல் அனுப்ப முடியுமா? உட்காரும்மா, கேளு என்றார். மூன்று மணி நேரம் கேட்டாள். பாதிக் கேள்விக்குக் கனகலட்சுமிதான் பதில் சொன்னார். நேர்காணலுக்கான ஒப்புதல் படிவத்தில் காசிமாயன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பாண்டிமீனா கடைசி இயலை வரிவரியாகப் படித்தார். கடைசியில் ஒப்புதல் படிவத்துக்கு வந்தார். சாட்சி: காசிமாயன். உறவு என்ற கட்டத்தில் ‘கதாநாயகியின் தாய்மாமன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சுபலட்சுமி பேனாவை எடுத்தாள். அதை அடித்துவிடவா என்று கேட்டாள்.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, படிவத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

“அடிக்காத, இருக்கட்டும். பேட்டி குடுக்க மாட்டேங்கிற எழுத்தாளர் இன்னும் மூணு பேர் இருக்காங்க. நம்ம பிள்ளைங்க அலையுதுக. ஒங்க மாமாவுக்கு எந்தக் கிழமை சும்மா இருக்கும்னு கேட்டுச் சொல்லு.”