ஓடையில் விட்ட குஞ்சுகள்

மீன்வள அதிகாரி பரமலிங்கத்தின் முகத்தில் கரி பூச வேண்டும். இராக்கம்மா அவர் பொறுப்பிலிருந்த அரசாங்க மீன் பண்ணைக்குத் தொட்டி கழுவப் போனதே அதற்குத்தான்.

நமுனுகுல மலையோடையில் மட்டுமே இருந்த சிவப்பு வால் மீனை அந்த அதிகாரிக்கு முதலில் காட்டியவன் அவள் புருஷன் மாடசாமி. அவர் கேட்டாரென்று நாலு மீன் பிடித்துப் போனபோது, அனுமதியில்லாமல் பிடித்தானென்று பொலிஸ் மடக்கியது. பரமலிங்கம் வந்து பார்த்தார். "உந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மாடசாமிக்கு ஆறு மாதம் சிறை. மீனைக் கண்டுபிடித்தவரென்று பத்திரிகையில் ஐயாவின் படம்.

பண்ணையில் அவள் யாரென்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பொம்பிளை என்றால் அவருக்கு ஒரு வாளி, ஒரு துடைப்பம், அவ்வளவுதான். பழி தீர்க்கும் வழியையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

"முதல் தொட்டியிலை சிவப்பு வால். ரெண்டாம் தொட்டியிலை நிக்கிறது பள்ளத்து ஆத்து மீன். பாக்க ஒரே மாதிரித்தான். கலந்தால் இனமே நாசம். கவனம்!"

அவள் கவனமாகத்தான் இருந்தாள். 2003 தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் தொட்டிகளைக் கழுவி மீன்களைத் திரும்ப விடும்போது, இரண்டு தொட்டி ஆண் மீன்களையும் இடம் மாற்றி விட்டாள்.

முந்நூறு குஞ்சு பொரித்தது. மரபணுச் சோதனைக்கு மாதிரி கொழும்புக்குப் போனது. அறிக்கை வரட்டும், மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பார் பார்ப்போம் என்று நாளை எண்ணினாள். அதுவரை குஞ்சுகள் தொட்டியில்தானே இருக்கும் என்று நினைத்தாள்.

ஐயாவுக்குப் பொறுமையில்லை. அமைச்சர் வருகிறாரென்று, அறிக்கைக்குக் காத்திராமல் குஞ்சுகளை ஓடையில் விடக் கொண்டுபோனார். அங்கே மிச்சமிருந்த அசல் மீன் நாற்பதோ ஐம்பதோ. குஞ்சு வாளியோடு கூடப் போன இராக்கம்மாவுக்கு, கலந்தால் இனமே நாசமென்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழுத்தில் மாலையோடு பரமலிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதைப் பார்த்ததும் அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். ஊத்து, நல்லா ஊத்து!

அறிக்கை வந்தது. அத்தனையும் கலப்பு. பரமலிங்கத்தை வேலையிலிருந்து தூக்கினார்கள். பெட்டியோடு பண்ணை வாசலில் நின்றவருக்கு எதிரே போய் நின்றாள்.

"நீ ஆர்?"

"மாடசாமி பொஞ்சாதிங்க. தொட்டிய மாத்துனது நாந்தாங்க."

அவர் முகம் செத்துப்போனதை ஆசை தீரப் பார்த்துவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு நடந்தாள்.

மாடசாமி ஓடையிலிருந்து ஈரக் காலோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"புள்ள, நம்ம மீனு பெருகிருச்சு! ஓடை பூரா குஞ்சு. நான் ஜெயிலுக்குப் போனது வீண் போகல."

இராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு எப்போதோ பற்றிக்கொண்டிருந்தது.