அண்ணே என்கிற பதவி

எட்டு வருடம் அவருக்கு மூட்டை என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. உடம்பு கொஞ்சம் பூரிப்பு. வேலை ஒரு நட்சத்திர ஹோட்டலின் சலவைப் பிரிவில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம், சுற்றிலும் அழுக்குத் துணி மூட்டைகள். அப்புறம் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவர் இஸ்திரிக்காரர். அந்த மனிதருக்குக் கையில் இருப்பதும் சூடு, வாயில் இருப்பதும் சூடு. கதை சொல்லும் சௌகரியத்துக்காக நாமும் மூட்டை என்றே சொல்வோம். அவர் காதில் விழாமல் இருந்தால் சரி.

பெயரோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய கட்டில் விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கு இரண்டு முனை. மூன்று தடவை உதறிவிட்டு நான்காவது தடவை இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். அப்போதுதான் சுருக்கம் போகும். அந்த இழுப்பில் எதிரே நிற்பவன் கையை விட்டுவிட்டால் இந்தப் பக்கத்து ஆள் மல்லாக்கப் போய்த் துணிக் குவியலில் விழுவான். அடிபடாது, மானம்தான் போகும். மூட்டை வாரத்துக்கு மூன்று தடவையாவது விழுந்துகொண்டிருந்தார். விழுந்தவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு நாள் சிரிக்காமல் எழுந்துவிட்டார். "சாருக்குக் கோபத்தப் பாரு" என்று ஒரு மாதம் அதை வைத்தே ஓட்டினார்கள்.

அதெல்லாம் வீட்டில் மனைவி தலையில்தான் விடியும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் கத்துவார், கூடினால் கத்துவார், சரியாக இருந்தால் இன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கத்துவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தும்மல் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, ஒடிசலான ஆள். சலவைத் தூள் வாசனை பட்டால் போதும், வரிசையாக ஏழு தும்மல், ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு 'மன்னிச்சுக்குங்க'. மூன்றாம் நாள் மூட்டையோடு சேர்ந்து விரிப்பு மடிக்க நின்றார். நான்காவது இழுப்பில் மூட்டையின் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. தாமாக என்று பிற்பாடு அவர்தான் சொல்லிக்கொண்டார். விரல்களை யாரும் விசாரிக்கவில்லை. தும்மல் குவியலில் போய் விழுந்தார், விழுந்த இடத்தில் தும்மினார், தும்மியதற்கு மன்னிப்பும் கேட்டார். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, பின்னிட்டீங்க" என்றார்.

அண்ணே! எட்டு வருடத்தில் ஒரு பயல் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டில் உப்பு வாயில் வைக்க முடியாத அளவுக்குத் தூக்கலாக இருந்தது. பேசாமல் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயம் தெரிந்த பிறகு, முன்பின் பார்க்காத அந்தத் தும்மல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டில் கத்தல் நின்றுவிட்டது, அவளுக்கு அது போதும்.

அப்புறம் மூட்டைக்கு நிகராகத் தும்மலை வறுத்தெடுத்தவர்கள் யாரும் இல்லை. மற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை விட்டால் இவர் தினமும் விட்டார். எட்டு வருடம் விழுந்த அனுபவம் அல்லவா, எப்போது விட்டால் அதிகம் அவமானம் என்று துல்லியமாகத் தெரியும். சூப்பர்வைசர் அம்மா உள்ளே நுழைகிற நேரம் பார்த்து விடுவார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது தும்மல் ஒரு நாள் வேலையை விடப்போவதாகச் சொன்னார். இந்தத் தூள் இனி நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மைத்துனர் ஒருவர் நாயாய் அலைந்து ஒரு நூலகத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். மாதக் கடைசியோடு சரி.

கூடத்தில் இழவு விழுந்தது போல ஆகிவிட்டது. தும்மல் போய்விட்டால் பொழுது எப்படிப் போகும் என்று இஸ்திரிக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு அவர் பார்வை இயந்திரங்கள், தள்ளுவண்டிகள், துணிக் குவியல் என்று சுற்றிவந்து மூட்டையின் வயிற்றில் வந்து நின்றது. அன்று மத்தியானமே, "மூட்... அண்ணே, அந்த வண்டிய இப்படித் தள்ளுங்க" என்றார்.

மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டே மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் ஆரம்பித்தார் உபசாரத்தை. சூப்பர்வைசர் அம்மாவின் கையைக் காலைப் பிடித்து, தூள் டப்பாக்களைக் கூடத்தின் கடைக்கோடிக்கு மாற்றினார். மனைவியிடம் சொல்லி மெல்லிய துணியில் மூன்று மடிப்பு வைத்து முகமூடி தைத்துக் கொண்டுவந்தார். காற்றாடிக்குக் கீழே இருந்த தன் இடத்தைத் தும்மலுக்கு விட்டுக்கொடுத்தார். பழைய புத்தகத் தூசி பற்றித் தனக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்தது போலச் சொல்லி, சலவைத் தூளுக்கு அது அப்பன் என்று பயமுறுத்தி வைத்தார். முக்கியமாக, விரிப்பு மடிக்க எப்போதும் தானே தும்மலுக்கு எதிரே நின்றார், கையை விடவே இல்லை. இஸ்திரிக்காரர் இது என்ன கூத்து என்று கேட்டபோது, போகப்போகிற ஆள்தானே, பாவம் என்று சமாளித்தார்.

மூன்று வாரம் தும்மல் ஒரு தடவைகூட விழவில்லை. அவர் தும்முவதும் பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் கை கழுவுகிற இடத்தில் மூட்டையை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காக யாரும் ஒரு டப்பாவக்கூட நகர்த்தி வெச்சதில்ல அண்ணே. நூலகத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். மைத்துனர் இனிமே என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டாராம். பரவாயில்ல. உங்கள நம்பி இருக்கலாம்ல?"

"தாராளமா இரு" என்றார் மூட்டை.

சொன்ன வாய் சிரித்தது, உள்ளே என்னவோ சுருக்கென்று குத்தியது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம், அதுவும் எதற்காக? திரும்பவும் விழுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. வெட்கத்துக்குப் பக்கத்திலேயே சந்தோஷமும் உட்கார்ந்திருந்தது, அதுதான் கொடுமை. வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி நல்லவேளை என்று மூச்சு விட்டாள். அப்புறம் சாப்பாடு போட்டுக்கொண்டே, "இனிமே அவரத் தள்ளிவிட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். மூட்டை தண்ணீர் கேட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. தும்மல் முகமூடியை மாட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தும்மல் போகலையாமே! அப்ப இனிமே போகப்போற ஆள் இல்ல. என்ன அண்ணே?"

அந்த அண்ணேயில் இருந்த இழுவை மூட்டைக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. துவைக்கிறவர் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டார். உலர்த்துகிறவர் வேலையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார். வண்டியில் முதலில் இருந்ததும் பெரிய கட்டில் விரிப்பாகவே இருந்து தொலைத்தது.

இரண்டு பேரும் முனைகளைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார்கள். முதல் உதறலில், விடக்கூடாது, செத்தாலும் விடக்கூடாது என்று மூட்டை நினைத்தார். இரண்டாவது உதறலில் இஸ்திரிக்காரரின் உதடு குவிவது தெரிந்தது. மூட்டை என்று சொல்லத்தான் குவிகிறது. மூன்றாவது உதறலில் எட்டு வருடமும் கண் முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும், நாளையிலிருந்து விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டார். நான்காவது தடவை இருவரும் பின்னால் சாய்ந்தார்கள்.

கூடம் அப்படியொரு சிரிப்பைக் கேட்டதே இல்லை. இஸ்திரிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உலர்த்துகிறவருக்குப் புரையேறி, துவைக்கிறவர் அவர் தலையில் தட்டினார். காரணம், குவியலில் கிடந்தது ஒருவர் இல்லை, இரண்டு பேர். தும்மல் அந்தப் பக்கத்துக் குவியலில் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தார். இந்தப் பக்கம் மூட்டையும் அதே கோலத்தில் கிடந்தார். தான் எப்படி விழுந்தோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

தும்மல் முகமூடியைக் கீழே இறக்கினார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

"எப்படியும் விடுவீங்கன்னு தெரியும் அண்ணே" என்றார், அந்தச் சிரிப்புக்கு நடுவே மூட்டைக்கு மட்டும் கேட்கிற குரலில். "அதான் நான் முந்திக்கலாம்னு பாத்தேன். ஒரு தடவையாவது என்னையும் அண்ணேன்னு கூப்பிடமாட்டாங்களான்னு."

மூட்டைக்குச் சுருசுருவென்று கோபம் வந்தது. அடப்பாவி, டப்பாவை நகர்த்தினேனே, முகமூடி தைத்துக் கொடுத்தேனே, நான் எங்கே விட்டேன், நீதானே விட்டாய் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் நடுவில் பார்த்தார். விரிப்பு தரையில் விழுந்து கிடந்தது. தும்மல் மட்டும் விட்டிருந்தால் இரண்டு முனை இவர் கையில் இருந்திருக்கும். நான்கு முனையும் தரையில்தான் கிடந்தன.