திதி மாறிய மதியம்

பஞ்சாங்கக்காரரிடம் தேதி கேட்டால் திதிதான் வரும். தைக்கக் கொடுத்த சட்டை எப்போது வேண்டும் என்றால்கூட, "தசமிக்குக் கொடும்மா" என்கிற ஆள். ஆனால் அன்று அவர் தையல் கடைக்கு வந்தது சட்டைக்காக இல்லை. கடையில் தைக்கிறவளின் புருஷன் செத்துப்போய் வருஷம் திரும்பப்போகிறது. திவசத்துக்கு நாள் குறிக்க, புருஷனின் அண்ணன் அவரைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"செத்த தேதியிலயே செஞ்சா என்ன?" என்றார் அண்ணன்.

"தேதி நாம வச்சது. திதி நிலா வச்சது. அது ராத்திரி பன்னெண்டு மணிக்குக் காத்திருந்து மாறாது. காலையில மாறும், சோறு திங்கிற நேரத்துல மாறும்." போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அன்னைக்கு மதியம் ஒண்ணேகால் வரைக்கும் தேய்பிறை சப்தமி. அதுக்கு மேல அஷ்டமி. உயிர் எப்பம்மா பிரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுல ரெண்டு மணின்னு இருக்கே," என்றார் அண்ணன்.

"அது டாக்டர் வந்து பார்த்த நேரம்."

"அப்ப இவளையே கேளுங்க. நாலு நாள் கண் இமைக்காம பக்கத்துல இருந்தவ."

இதை அவர் மூச்சுக்கு முந்நூறு தடவை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். நாலாம் நாள் கட்டில் விளிம்பில் தலை சாய்த்தபோது மதியம் பன்னிரண்டரை. அவன் கை அவள் கைக்குள் சூடாக இருந்தது. விழித்தபோது ஒன்றே முக்கால், கை சில்லிட்டிருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பாழாய்ப் போன தூக்கம், அதுவரை எங்கே போயிருந்ததோ!

அஷ்டமி என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் வருஷத்தில் ஒரே நாள் பசியோடு வருகிறவன், சப்தமியில் போயிருந்து, முதல் நாளே வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனால்? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே பொய் சொல்லப்போவது அவள், பட்டினி கிடக்கப்போவது அவன்.

"ரெண்டு நாளும் செஞ்சா?" என்றாள்.

"ரெண்டு நாள் செத்தவன் யாரும்மா?" பஞ்சாங்கக்காரர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "நேரமே தெரியலன்னா அந்த மாசத்து அமாவாசை இருக்கு. கடலோட போனவங்க, ஓடிப்போனவங்க, பக்கத்துல யாருமில்லாம செத்தவங்க, எல்லாருக்கும் அதுதான் நாள்."

"என் தம்பி என்ன அநாதையா?" அண்ணன் எகிறினார். "நேரத்தைச் சொல்லும்மா!"

அவள் மடியில் கிடந்த அரைகுறைத் தையலை நீவி நீவி விட்டாள்.

"அமாவாசையே வைங்க."

"ஏம்மா, நீ பக்கத்துலதானே இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன், மாமா. தூங்கிட்டேன். அவர் தனியாத்தான் போனார்."

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். எப்போதும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று அதைச் சொல்லவில்லை.