பத்திநாதர் வீட்டு வைன் சுற்றுலா

2004ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து, கனடாவின் மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் பத்திநாதர் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலவறையில் ஓர் இரவு வைத்திருந்த வைனை ஒரு மிடறு குடித்தவர்கள், அந்த வைனின் திராட்சை விளைந்த தோட்டத்தில் போய் நின்றார்கள். நாக்கில் ருசி இருக்கும்வரை அங்கே நிற்கலாம். ருசி போனதும் குடித்த இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். கையில் இருந்த பொருள் கூடவே போய்வரும், கையைப் பிடித்திருந்த ஆள் போகமாட்டார். அந்த நிலவறைக்கு மட்டும் ஏன் இப்படி என்று தெருவில் யாரும் மினக்கெட்டு விசாரிக்கவில்லை. அந்த வருடம் வாடகை ஏறியிருந்தது, சனத்துக்கு அதைப் பற்றிக் கதைக்கவே நேரம் போதவில்லை.

இதைக் கண்டுபிடித்ததில் பத்திநாதர் பெருமைப்பட ஒன்றுமில்லை. நகரின் நடுவே ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவியவர் அவர். யாரோ மிச்சம் விட்ட போர்தோ வைன் போத்தலைக் கொண்டுவந்து கீழே வைத்தார். மறுநாள் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடி முடியும்வரை பொழுது போகாமல் அதில் ஒரு வாய் குடித்தார். காலுறையோடு பிரான்சில், போர்தோவில் ஒரு தோட்டத்து நடுவில் நின்றார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சேறு பிடித்த காலுறைகளையும் மெஷினுக்குள் போட்டார். அடுத்து யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி எலிசாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். "தனிய இருந்து உங்களுக்குத் தலை பிழைச்சுப்போச்சு" என்றாள் எலிசா. கலியாணம் கட்டி ஒரு மாதம்கூடச் சேர்ந்து இருக்காமல் பிரிந்தவர்கள் அவர்கள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பம் வருடக்கணக்காகப் பரிசீலனையில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் குடிவரவு அலுவலகத்தில் அதைப் பிரெஞ்சில் ஒருதரமும் ஆங்கிலத்தில் ஒருதரமும் மிக மரியாதையாகச் சொன்னார்கள். அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது எலிசா ஒருத்திதான். கிடைத்ததோ பிரான்ஸ், இத்தாலி, சிலி.

விமானச் சீட்டு விற்கும் பேரின்பநாதனுக்கு விசயம் எட்டியதும் அது தொழிலாகிவிட்டது. உலகப் புகழ்பெற்ற வைன் தோட்டங்களுக்கு வழிகாட்டியோடு சுற்றுலா, விசா தேவையில்லை என்று பலகை எழுதிக் கதவில் மாட்டினார். பத்திநாதர்தான் வழிகாட்டி. அவர் எங்கேயும் போவதில்லை. சின்னக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிலவறையிலேயே நின்று, பல் மினுக்கிவிட்டு வரக்கூடாது, தோட்டத்து நாயைச் சீண்டக்கூடாது என்று புத்தி சொல்வார். ஒருநாள் மாகாணத்தின் மொழிச் சட்டம் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கண் முன்னாலேயே ஒரு குடும்பம் மறைந்து போனது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பலகையில் பிரெஞ்சு எழுத்து மற்ற எழுத்தைவிடச் சின்னதாக இருப்பதாகக் கண்டித்துப் போனார். பலகையைத் திருத்தினார்கள்.

முதலில் வந்தவர்கள் பேரின்பநாதனின் ஊர்ச்சங்கத்தினர். எங்கள் ஆட்களுக்கு வெறும் வாயில் குடிக்கத் தெரியாது. ஒரு கையில் வைனும் மறு கையில் பொரித்த மரவள்ளியும் மிளகாய்த்தூள் போட்ட கடலையுமாக நின்றார்கள். தொஸ்கானா மலைச்சரிவில் கால் வைத்ததும் கடலையை வாயில் போட்டார்கள், போட்ட கையோடு நிலவறையில் நின்றார்கள். "என்ன அண்ணை, இத்தாலி எண்டு சொன்னியள், ஒரு மாட்டின்ர வாலைத்தான் கண்டம்" என்று பெரிய சண்டை. மூலைக்கடை மலிவு வைனை வாங்கி வந்தவர்களின் பாடு இன்னும் மோசம். அது நாலைந்து நாட்டுப் பழத்தின் கலவை. நொடிக்கொரு நாடாக உதைபட்டுத் தலை சுற்றி விழுந்தார்கள். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த பார்கவி, "அங்கிள், இன்னொரு சிப் குடுங்க. கேமரா ஆன் பண்றதுக்குள்ள திரும்பி வந்துட்டேன்" என்று நிலவறையே கதியென்று கிடந்தாள்.

பேர் வாங்கித் தந்தவர்கள் பணக்காரர் குடியிருக்கும் வெஸ்ட்மவுண்டிலிருந்து வந்த வைன் ரசிகர்கள். ருசி நாக்கில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள் அவர்கள். நல்ல வைனென்றால் அரை நாள்கூட நின்றுவிட்டு வருவார்கள். பிரான்சின் பேர்கண்டித் தோட்டத்தில் ஒருவர் சாணத்தை மிதித்துவிட்டு வந்தார். மற்றவர்கள் அந்தச் சப்பாத்தை மாறி மாறி முகர்ந்து, வைனில் இருக்கும் இந்த வாசத்தைத்தான் நாங்கள் இத்தனை வருடம் எழுதி வந்தோம் என்று நெகிழ்ந்தார்கள்.

2005இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாதிரியார் ஒருவரின் பெட்டியில், அங்கே கன்னியாஸ்திரீகள் தங்கள் தோட்டத்துத் திராட்சையில் செய்த பூசை வைன் ஒரு போத்தல் இருந்தது. பத்திநாதர் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டார். "இது இன்னும் பூசைக்கு வைக்கேல்லை, கொண்டுபோம். ஆனா ஆருக்கும் விக்கப்படாது" என்று பாதிரியார் கொடுத்தார். எலிசாவைச் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்கு வந்து நிற்கச் சொல்லிவிட்டு பத்திநாதர் குடித்தார். குளிர்காலக் கோட்டும் கையுறையுமாகப் பந்தலுக்குக் கீழே நின்ற புருசனைப் பார்த்து எலிசா சிரித்தாள், பிறகு அழுதாள். பூசை வைனோ வெறும் இனிப்பு. ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கும் முன் ருசி போய்விடும். அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டுவரப் பார்த்தார். அவள் தலையில் வைத்திருந்த பூ மட்டும் வந்தது. அன்று அவர் நிலவறைப் படியில் இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

2006 ஓகஸ்ட்டில் சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதை மூடப்பட்டது. ஊரடங்குச் சட்டம், சோதனைச் சாவடி, தேங்காய்க்கு வரிசை. பத்திநாதர் போகும்போதெல்லாம் கோட்டுப் பைகளில் பால்மாவும் மெழுகுதிரியும் கொண்டுபோனார். ஒருமுறை ஒரு படைவீரன் அடையாள அட்டை கேட்டான். பைக்குள் கை விட்டபோது ருசி தீர்ந்து, அட்டையை நிலவறைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றார். போத்தலில் பூசை வைன் இறங்கிக்கொண்டே போனது. அது முடிந்தால் எலிசாவும் முடிந்தாள் என்ற பயம் அவருக்கு. அவள் மொன்றியல் வைனைக் குடித்தால் மொன்றியலுக்கு வந்துவிடுவாள்தானே என்று யோசித்தார். செப்ரெம்பரில் ஜான்-டலோன் சந்தையில் இத்தாலியர்கள் வீட்டு வைனுக்குத் திராட்சை வாங்குவதைப் பார்த்து, அவரும் பெட்டி பெட்டியாக வாங்கிக் காலால் மிதித்தார். நொதித்துத் தெளிந்ததைச் சின்னப் போத்தலில் கொண்டுபோய் எலிசாவிடம் கொடுத்துவிட்டு, நிலவறையில் சோறு கறியோடு காத்திருந்தார். அவள் வரவில்லை. மாலையில் தொலைபேசிதான் வந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்ன பனி ஒண்டையும் காணேல்லை. ஒரே வெயில். தோட்டத்தில வேலை செய்யிற சனம் தண்ணியும் தந்து தொப்பி ஒண்டும் தந்தவை. அது எந்த இடம்?"

கலிபோர்னியா. சந்தைப் பழம் முழுவதும் அங்கிருந்து லொறியில் வருவது என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. மொன்றியலில் விற்பதெல்லாம் மொன்றியலில் விளைவது என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்று பேரின்பநாதன் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்காரரான இத்தாலியக் கிழவர் சிரிக்கவில்லை. பத்திநாதரைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போய், உடுப்புக் காயும் கொடிக்கு அருகில் வேலியில் படர்ந்திருந்த ஒரு திராட்சைக் கொடியைக் காட்டினார். அதன் பழத்தைக் குருவியும் தொடாது. அதில் செய்த வைன் தன் குடும்பத்தில் இரண்டு சம்பந்தத்தை முறித்தது என்று எச்சரித்துவிட்டுப் பழத்தைப் பறிக்கவிட்டார். அடுத்த வருடம் அது போத்தலுக்கு வந்தபோது, முதலில் ருசி பார்க்க வெஸ்ட்மவுண்ட் ரசிகர்கள் மூன்று பேர் முன்வந்தார்கள். குடித்ததும் முகம் கோணி, பத்தடி தள்ளிப் பின்முற்றத்துப் பனிக்குள் நின்றார்கள். துணிச்சலான வைன் என்று பாராட்டிவிட்டுப் பின்பக்கத்து ஒழுங்கை வழியே வீட்டுக்குப் போனார்கள். அந்தப் புளிப்பு அவர்கள் வாயை விட்டுப் போகவேயில்லை. பேஸ்ட், கோப்பி, உப்புத் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. நீண்ட ருசியைத் தேடி உலகம் முழுக்க அலைந்தவர்களுக்கு அது கடைசியில் கிடைத்தே விட்டது. ஒருவர் வைனைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு வெள்ளரிக்காய் வளர்க்கிறார்.

2008 இளவேனிலில், பூசை வைனின் கடைசி மிடறைக் குடித்து பத்திநாதர் அந்தப் புளிப்பு வைன் போத்தலோடு போனார். "இதைக் குடிச்சால் பேந்து உனக்கு ஒண்டும் ருசிக்காது, எலிசா. ருசிச்சால் நீ அங்க இருக்கமாட்டாய்" என்று மட்டும் சொல்ல நேரம் இருந்தது. அவர் திரும்பிவந்து பின்கதவைத் திறந்தபோது, எலிசா செருப்புக் காலோடு உருகும் பனியில் நின்று துப்பிக்கொண்டிருந்தாள். "சீ, என்ன சாமான் இது" என்பதுதான் கனடாவில் அவள் பேசிய முதல் பேச்சு. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வருடம் விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டது. கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச்சொன்னார்கள். ஏற்கெனவே வந்துவிட்டாள் என்று இவர்கள் பதில் போட்டார்கள். கோப்பு மறுபடி பரிசீலனைக்குப் போனது. எலிசா கறிக்கு உப்புப் பார்க்க முடியாததால் பத்திநாதர் பார்த்தார். காலையில் கண் விழித்ததும் "புளிக்குதோ?" என்பார். "ஓம், புளிக்குது" என்பாள். அதன் பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்கும்.

அந்த வருடக் கடைசியில் மகள் அஞ்சலீனாவின் ஞானஸ்நான விருந்தில் எலிசா கேக்கில் ஒரு துண்டை வாயில் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "இனிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். பேரின்பநாதன் ஓடிப்போய் மண்டபக் கதவைச் சாத்தினார், அதில் என்ன பிரயோசனம் என்று அவருக்கே தெரியாது. பத்திநாதர் அவளுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்துப் பிரயோசனமில்லை என்று அந்த மண்டபத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"பகிடிக்குச் சொன்னனான்" என்றாள் எலிசா. "புளிக்குது, நல்லாப் புளிக்குது. கையை விடுங்கோ, சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

அவர் விடவில்லை. மிச்சக் கேக்கை எலிசா இடது கையால் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.